கிரிட்டிகல் பாத் என்றால் "முக்கியமான வேலைகள்" இல்லை

திட்ட மேலாண்மை பற்றி எழுதிய ஒருவர், "கிரிட்டிகல் பாத் என்பது திட்டத்தின் கடினமான, செலவு அதிகமான வேலைகளின் வரிசை, அதை மட்டும் கவனித்தால் போதும்" என்கிறார். இரண்டுமே தவறு.

எந்த வேலைக்குப் பின் எது என்று காட்டும் வலைப்படத்தில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்துக்கொள்ளும் நாட்களில் நீளமான பாதை எதுவோ, அதுதான் கிரிட்டிகல் பாத். பணத்துக்கோ கஷ்டத்துக்கோ அதில் இடமில்லை.

கூரை முடிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பூச்சு 15 நாள், டைல்ஸ் 10, பெயின்ட் 12, ஆக 37. இன்னொரு பக்கம் தேக்குக் கதவு ஆர்டர் கொடுத்து வந்துசேர 30, பொருத்தி பாலிஷ் போட 4, ஆக 34. கதவுப் பாதைக்கு 3 நாள் ஃப்ளோட், அதாவது மொத்த வேலை தள்ளிப்போகாமல் தாமதிக்கக்கூடிய அவகாசம், இருக்கிறது. ஒரு போன் அடித்தால் முடிகிற விஷயம் என்று யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆசாரி 8 நாள் இழுத்தடித்தால்? 42 நாள். இப்போது கதவுதான் கிரிட்டிகல் பாத்!

சரி, ஆள் கூட்டி பூச்சு வேலையில் 5 நாள் குறைத்தால் வீடு 5 நாள் முன்னால் முடியுமா? முடியாது. கதவு குறித்த நாளில் வந்தாலும் 34-க்குக் கீழே போகாது. மிச்சமாவது 3 நாள்தான். மீதி 2 நாளுக்கான கூலி வீண்.

அப்புறம், இந்த கிரிட்டிகல் பாத் முறை (சிபிஎம்) போலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது என்றும் எழுதியிருக்கிறார். அது 1958-இல் வந்த பெர்ட் (PERT) என்ற வேறொரு திட்டமிடல் முறை. சிபிஎம் அதே காலத்தில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் தனியாக உருவாக்கியது.