சூடா இருந்தா கார்டு செல்லாது

அமெரிக்கால பெரிய கடைகள்ல முழுக் கோழிய சுட்டு சூடா டப்பால வெச்சிருப்பாங்க. அதே கோழி ஆறிப்போய் ஃப்ரிட்ஜுக்குள்ள போனா, வருமானம் கம்மியா இருக்குறவங்க சாப்பாடு வாங்க அரசாங்கம் குடுக்குற ஸ்நாப் கார்டுல வாங்கலாம், சூடா இருந்தா வாங்க முடியாது. நான் ஒரு கடையில பில் போட்டுட்டு இருந்த காலத்துல ஒரு வயசானவர்கிட்ட இத சொல்ல வேண்டியதாப் போச்சு, அவரு ஒரு வார்த்த பேசல, கோழிய ஓரமா வெச்சிட்டு ரொட்டிய மட்டும் எடுத்துட்டுப் போனாரு, வரிசையில நின்ன அத்தன பேரும் பாத்துட்டே இருந்தாங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

ஸ்நாப்ங்கறது பழைய ஃபுட் ஸ்டாம்ப் தான், 1964ல சட்டமாச்சு, 2008ல பேர மாத்துனாங்க. மாசாமாசம் கார்டுல பணம் ஏறும். சோப்பு, டயப்பர், மருந்து எதுக்கும் ஆகாது. சரி, உணவுக்குன்னு குடுக்குற பணம், அத விடுங்க. ஆனா சுட்ட கோழி உணவு இல்லையா? கார்ல படுத்துத் தூங்குற ஆளு பச்சக் கோழிய வாங்கி எந்த அடுப்புல வெப்பாரு? வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள், வீடில்லாதவங்க ஓட்டல்ல சாப்பிடலாம்னு கலிஃபோர்னியா, அரிசோனா மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் வழி இருக்கு, மத்த எடத்துல அதுவும் இல்ல.

இதுக்கு மேல வேலை விதி. சின்னப் புள்ளைங்க இல்லாத, உடம்பு நல்லா இருக்குறவங்க மாசம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டணும், இல்லன்னா 3 வருஷத்துல 3 மாசம் தான் இந்த உதவி. 1996ல வந்தது இது. 2025ல இத 64 வயசு வரைக்கும் நீட்டிட்டாங்க, வீடில்லாதவங்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் இருந்த விலக்கையும் எடுத்துட்டாங்க. பார்ட் டைம் வேலையில ஷிஃப்ட்ட முடிவு பண்றது முதலாளி, வியாபாரம் டல்லுன்னு அவரு ரெண்டு ஷிஃப்ட்ட வெட்டுனா 80 எப்படி வரும்? மணி நேரத்த கொறச்சது ஒருத்தர், பட்டினி கெடக்குறது இன்னொருத்தர், இத எப்படிங்க நியாயம்னு சொல்றது. வேலை பாத்துட்டே இருக்குறவங்க கூட அதக் காட்டுற பேப்பர் டயத்துக்குப் போய்ச் சேரலன்னா உதவிய இழக்குறாங்க.

புயலோ காட்டுத்தீயோ வந்தா அந்த ஏரியாவுல சூடான சாப்பாடு வாங்கலாம்னு அரசாங்கமே கொஞ்ச நாளைக்கு விதிய தளர்த்துது. வீட்டுல சமைக்க வழியில்லன்னு தானே அப்ப விடுறாங்க? கார்ல தூங்குறவருக்கு வருஷம் பூரா அதே நெலம தான், அவருக்கும் அத குடுங்கன்னு தான் கேக்குறேன்.