ஒரே பேட்டரியில் தொங்கும் வாழ்க்கை

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் மூன்று கருவிகளை அடுக்கினார்: ஐபாட், தொலைபேசி, இணையக் கருவி. பிறகு, மூன்றும் ஒரே கருவிதான் என்றார். அதன்பின் கேமரா, அலாரம், டார்ச், வரைபடம், புத்தகம், பணப்பை என்று ஒவ்வொன்றாக அதே பெட்டிக்குள் புகுந்தன. 2022இல் ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் நிறுத்திவிட்டது.

வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் தனிக் கருவிகளுக்கு இனி வேலையே இல்லை என்று பலர் பேசுவதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

முதலில் ஆயுள். கேசியோவின் எஃப்-91டபிள்யூ கைக்கடிகாரம் 1989இல் வந்தது. பேட்டரி சுமார் 7 ஆண்டுகள் உழைக்கும். ஸ்மார்ட்போனின் லித்தியம் அயனி பேட்டரியோ சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதுமே தளரத் தொடங்குகிறது. அது தளர்ந்தால் கடிகாரம், டார்ச், பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்ந்து தளர்கின்றன. பேட்டரி நன்றாக இருந்தாலும் மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிட்டால் சில ஆண்டுகளில் வங்கிச் செயலி திறக்க மறுக்கும். ஒரு பகுதி பழசானதற்காக முழுக் கருவியையும் தூக்கி எறிய வேண்டியிருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கேமராவில் பௌதிகமே குறுக்கே நிற்கிறது. ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய வகைக் கேமராவில், ஒளியைப் படமாக்கும் சென்சார் 36 × 24 மில்லிமீட்டர்; சென்சார் பெரிதானால் சேரும் ஒளியும் அதிகம். போன்களில் மிகப் பெரியதாகச் சொல்லப்படும் 'ஒரு அங்குல' சென்சாரின் (அது பெயர்தான், உண்மை அளவல்ல) பரப்பு அதில் ஏழில் ஒரு பங்குதான். இந்தக் குறையை, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் வியக்கத்தக்க விதத்தில் ஈடுசெய்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மங்கிய விளக்கொளியில் ஓடும் குழந்தையை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

வாசிப்புதான் எனக்கு மிக முக்கியம். கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளின் மின்மைத் (இ-இங்க்) திரையில் நுண்ணிய நிறமித் துகள்கள் மின்புலத்தால் நகர்ந்து எழுத்தாகின்றன; பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. அதனால் வாசிப்புக் கருவி ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் நான் அதை விரும்புவது இதற்காக அல்ல. அதில் படிக்கும்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. போனில் ஒரு நாவல் படிக்கும்போது, அறிவிப்பு வராவிட்டாலும் வந்திருக்குமோ என்று மனம் எட்டிப் பார்க்கிறது. கடினமான பத்தி ஒன்று வந்தால் விரல் தானாக வேறு செயலிக்குப் போய்விடுகிறது. தப்பிக்கும் வழி கையிலேயே இருக்கும்போது ஆழ்ந்து படிப்பது வீண் போராட்டம்.

பல தேர்வு அறைகளில் கால்குலேட்டரை அனுமதிக்கிறார்கள், போனை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். வேறு எதுவும் செய்யத் தெரியாததுதான் அங்கே கால்குலேட்டரின் தகுதி!

வழி காட்டுவதில் போன்தான் மேல். நொடிக்கு நொடி மாறும் போக்குவரத்து நெரிசலைத் தனி ஜிபிஎஸ் கருவிகளைவிட அது நன்றாக அறிந்திருக்கிறது. பல கருவிகள் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அந்த ஒரே கருவி பெரிய வரம் என்பதிலும் சந்தேகமில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

அலாரத்தை மட்டுமாவது போனிலிருந்து பிரித்துவிடுங்கள். அலாரத்தை அணைக்கப் போனை எடுத்தால், படுக்கையை விட்டு எழும் முன்பே இரவு முழுக்க வந்து குவிந்த செய்திகளுக்குள் போய்விடுகிறோம். சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்று போதும்; போன் இரவில் அடுத்த அறையில் கிடக்கட்டும்.