கோச் கத்தினால் போதுமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கோச்கள் ஆட்டக்காரர்களிடம் கறாராக இருக்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் இல்லை என்பேன். சைட்லைனில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஹெட்செட்டைத் தூக்கி எறிகிறார்கள். தப்பு செய்த நட்சத்திர ஆட்டக்காரரை உட்கார வைக்க மட்டும் மனசு வருவதில்லை.

2019 எக் பௌல் (மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக அணிகள் வருஷாவருஷம் மோதும் ஆட்டம்) எனக்கு இன்னும் ஆறவில்லை. மிசிசிப்பி ஸ்டேட் 21, ஓல் மிஸ் 14. முடிய 4 விநாடி இருக்கும்போது ஓல் மிஸ் ரிசீவர் எலைஜா மூர் எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து டச்டவுன் போடுகிறார், 6 புள்ளி. அடுத்து ஒரு புள்ளிக்கான எக்ஸ்ட்ரா பாயின்ட் கிக் உள்ளே போனால் சமம், ஓவர்டைம். அவரோ அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனில் நாலு காலில் தவழ்ந்து, நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். 15 யார்டு பெனால்டி. அவ்வளவு தூரம் தள்ளிப்போய் அடித்த கிக் தவறியது. 21-20 என்று தோல்வி. சில நாளில் கோச் மேட் லூக்கின் வேலையும் போனது.

இதில் எனக்குக் கோபம் மூர் மேல் இல்லை. 2017-இல் இதே எக் பௌலில், இதே அணியின் டி.கே. மெட்காஃப் இதே சேட்டையைச் செய்து இதே பெனால்டியை வாங்கினார். அப்போதும் பொறுப்பில் இருந்தவர் லூக்தான். அந்த முறை ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்தால் எல்லாம் மறந்துபோகும், அங்கேதான் கட்டுப்பாடு கெடுகிறது.

1963-இல் அலபாமா கோச் பேர் பிரையன்ட், அணி விதியை மீறினார் என்று அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்டர்பேக் ஜோ நேமத்தையே சஸ்பெண்ட் செய்தார். நேமத்துக்குச் சீசனின் கடைசி ஆட்டமும் போச்சு, சீசன் முடிந்ததும் நடக்கும் சுகர் பௌல் என்ற பெரிய ஆட்டமும் போச்சு. சுகர் பௌலை அலபாமா 12-7 என்று ஜெயித்தது. தோற்றிருந்தாலும் அது சரியான முடிவுதான்.

அதற்காகப் பையன்களை வதைப்பதைக் கட்டுப்பாடு என்று சொல்லிவிடாதீர்கள். 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகப் பயிற்சியில் வெப்பத்தாக்கு வந்து ஜோர்டன் மெக்நேர் இறந்தபோது வயது 19. ஓஹியோ ஸ்டேட் கோச் வூடி ஹேஸ் 1978 கேட்டர் பௌலில் எதிரணி ஆட்டக்காரரையே குத்தி வேலையை இழந்தார். தன்னையே அடக்கத் தெரியாதவர் இருபது வயசுப் பையனிடம் எதைக் கேட்பது?

சரி, இன்றைய கோச்சின் சங்கடமும் புரிகிறது. முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும்; 2021-க்குப் பிறகு அப்படி உட்காராமலே வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆட்டக்காரரின் பெயருக்கும் படத்துக்கும் பணமும் வருகிறது. இன்றைக்கு பெஞ்சில் வைத்தால் அந்தப் பையன் சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புபவர்களின் பட்டியல்) இருப்பான். பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் ஒருவனை விட்டுவிட்டால், மீதி எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள். ஒழுங்காக இருந்து வாய்ப்புக்காகக் காத்திருக்கும் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

டார்கெட்டிங் (எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதுவது) மாதிரி ஒன்றிரண்டு தப்புக்கு விதியே ஆளை வெளியே அனுப்பிவிடும். மற்றதெல்லாம் கோச் கையில்தான். விசில் அடித்த பிறகு எதிராளியைத் தள்ளி 15 யார்டு தாரை வார்த்தவன் ஆட்டம் மறுபடி தொடங்கும் அடுத்த ஸ்னாப்பிலும் களத்தில் நிற்கிறானா, அதைத்தான் நான் பார்க்கிறேன். நின்றால், ஆட்டம் முடிந்து அந்த கோச் மைக் முன்னால் ஒழுக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அது காதில் ஏறாது.