குழி மட்டும் பழையது

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் போதும், எங்கள் கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு அருள் வந்துவிடும். 'நெகிழியை ஒழிப்போம்' என்று வாசலை அடைத்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அது என்ன வாழை நாரிலா நெய்தது? பிவிசி பிளாஸ்டிக் ஐயா, பிவிசி! பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. விருந்தினருக்குத் தேநீர் வருவதோ அதே கோப்பையில்.

பிறகு மரக்கன்று. ஒரேயொரு வேப்பங்கன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாளமே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. வேரைச் சுற்றிய கறுப்புப் பையைக்கூடக் கிழிக்காமல் குழிக்குள் இறக்கியாயிற்று. வேர் எங்கே போகும், விடுதிக்கா? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான். அதுவரை தண்ணீர் ஊற்றுவது யார்? மன்றச் செயலாளரா? அவர் சான்றிதழ் வாங்கியதோடு சரி. தோட்டக்கார அண்ணன் பாவம், குடத்தோடு அலைகிறார்; எந்தப் புகைப்படத்திலும் அவர் இல்லை. அடுத்த ஆண்டு அதே குழி, அதே கைதட்டல், புதுக் கன்று. கல்லூரிக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) ஆய்வுக்குழு வரும்போது கோப்பில் மட்டும் அடர்ந்த காடு!

நாளை பசுமை மாதிரிப் போட்டியாம். ஆளுக்கு ஒரு தெர்மகோல் அட்டை கொண்டுவரவேண்டுமாம்.