20 கிலோ கவசம் போலி இல்லை

"அசல் ஐரோப்பியக் கவசம் 60 கிலோ இருக்கும். வீரரை கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றுவார்கள். 30 கிலோவுக்குக் குறைந்த நகல் கவசம் போலி, வாங்காதீர்கள்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

15ஆம் நூற்றாண்டில் போருக்கு அணிந்த முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோதான். அதில் தலைக்கவசம் மட்டும் 2 முதல் 4 கிலோ. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். எடை உடல் முழுக்கப் பரவியிருந்ததால் வீரர்கள் தாங்களாகவே குதிரை ஏறினார்கள். கிரேன் கதைக்கு ஆதாரமே இல்லை. ஈட்டிப் போட்டிக்கென்று தனியாகச் செய்த கவசங்கள் இதைவிடக் கனமானவை, அது வேறு விஷயம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி அதிக எடைக்குக் காசு கொடுப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தக் காலக் கொல்லர்கள் அடிபடும் இடத்தில் தகட்டைத் தடிமனாகவும் மற்ற இடங்களில் மெல்லியதாகவும் அடித்தார்கள். மலிவு நகல்களில் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே தடிமன்தான். அதனால் கனம் தரத்துக்குச் சான்று ஆகாது.

தகட்டுக்குப் பதில் சின்னச் சின்ன உலோக வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசம் வாங்குவதானால் ஒரு வளையத்தை உற்றுப் பாருங்கள். இரு முனைகளும் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் இரண்டையும் இணைக்கும் சின்ன ரிவெட் (தறையாணி) இருந்தால் அது பழைய முறை. முனைகள் வெறுமனே முட்டிக்கொண்டிருந்தால் அலங்காரத்துக்குச் சரி, இழுத்தால் பிரிந்துவிடும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.