ஆமாம், ஒரு பாட்டும் போடவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யாரையும் குறிவைத்து எழுதியதல்ல. (இப்படி ஆரம்பித்தாலே யாரையோ குறிவைத்துத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பரவாயில்லை.)

மினிலாக் (கோர்க் கம்பெனியின் சிந்தசைசர்; குமிழைத் திருகி ஒலியை நாமே உண்டாக்கும் மின்னணுக் கீபோர்டு) விற்பனைக்கு என்று போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவின் கீழே நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "மாசம் ஒண்ணு வாங்குறீங்க, மாசம் ஒண்ணு விக்கிறீங்க. இதுவரைக்கும் ஒரு பாட்டாவது போட்டிருக்கீங்களா சார்?" அந்தக் கடைசி 'சார்' இல்லாமல் இருந்திருந்தால்கூட விட்டிருப்பேன். அதற்கு நாற்பத்து மூன்று சிரிப்பு. ஆமாம், எண்ணினேன்.

பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஒரு பாட்டும் போடவில்லை. யூடியூபில் இல்லை, எந்த ஆப்பிலும் இல்லை, குறும்படத்துக்குக்கூட எதுவும் செய்து கொடுத்ததில்லை. இனிமேலும் போடுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. போதுமா?

எங்கள் திருச்சியில் பொன்மலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஐம்பது வயது ஆட்கள் முட்டியில் பேண்டேஜ் போட்டுக்கொண்டு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் யாராவது "ரஞ்சியில எப்ப ஆடப் போறீங்க?" என்று கேட்கிறோமா? எங்கள் எதிர்வீட்டு அக்கா மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறார். "காந்தி மார்க்கெட்டுக்கு எத்தனை மூட்டை கத்திரிக்காய் அனுப்பினீங்க?" என்று நான் கேட்டதில்லை. நாலு காய் காய்த்தது, பறித்துச் சாம்பாரில் போட்டார், எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதோடு சரி. ஆனால் ஒருவன் வீட்டில் கீபோர்டு இருந்தால் மட்டும் அவன் பாட்டுப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவன் போலி. இந்தச் சட்டத்தை யார் எப்போது போட்டார்கள்?

வாங்கி விற்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சிரித்தவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. ஒரு சிந்தசைசரைக் கடையில் நின்று பத்து நிமிடம் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திருச்சியில் அப்படி நின்று தட்டிப் பார்க்கவும் ஒன்றும் கிடைக்காது. மேடைக் கச்சேரிக்கு ஓடுகிற இரண்டு மூன்று மாடல்கள் கிடைக்கும், அவ்வளவுதான். மற்றதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கூடக் குடித்தனம் நடத்த வேண்டும், பிறகு விற்றால்தான் அடுத்தது. நூலகத்தில் புத்தகம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் இது. என்ன, அபராதம் கொஞ்சம் அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு யமஹா டிஎக்ஸ்7 வாங்கினேன். 1983-இல் வந்த மாடல். கோடம்பாக்கத்தில் மூடிய ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தது. குமிழே கிடையாது; தட்டையான பச்சை பட்டன்களும் இரண்டு ஸ்லைடர்களும்தான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையை யமஹா வாங்கி இதற்குள் வைத்தது. ஒரு அலையை இன்னொரு அலை உலுக்கும், அந்த உலுக்கலில் ஒலி பிறக்கும். அலையை உண்டாக்குகிற ஆபரேட்டர் ஆறு, அவற்றை இணைக்க 32 வழி. அந்தக் காலத்திலேயே பெரும்பாலானவர்கள் இதில் புதிதாக ஒலி செய்ய முடியாமல் கம்பெனி கொடுத்த ப்ரீசெட்டையே, அதாவது ஆயத்த ஒலிகளையே, வாசித்துக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவு முரண்டு பிடிக்கும்.

எனக்கு ஒரு கோயில் மணி வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருக்கிறவரை என்ன செய்தாலும் ஆர்கன் மாதிரியே இழுத்தது. ஒருநாள் 1-க்கு 1.41 என்று வைத்தேன். ணங்ங்... என்று வந்தது பாருங்கள். அடங்குகிற நேரத்தை நன்றாக நீட்டிவிட்டு மறுபடி தட்டினேன். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா, "இந்நேரத்துக்கு யார் வீட்ல பூஜை?" என்றார்.

அது பாட்டு இல்லைதான் சார். ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெட்டியில் 32 ஒலிகளைச் சேமிக்கலாம். பெயர் வைக்கப் பத்து எழுத்துக்குத்தான் இடம். 'மலை மணி' என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் ஓர் இடம் விட்டு எழுதினால் கச்சிதமாகப் பத்து. 32-ஆவது இடத்தில் போட்டு வைத்தேன். உள்ளே பழைய பேட்டரி செத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் சென்னை போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பேட்டரி ஹோல்டர் வாங்கிவந்து, பழையதைக் கழற்றிவிட்டு நானே பற்றவைத்தேன். பிறகு விற்றுவிட்டேன். ஆமாம், விற்றுவிட்டேன்! மணப்பாறைப் பக்கம் ஒரு சர்ச்சில் வாசிக்கிற தம்பி வாங்கிப் போனார். போன கிறிஸ்துமஸ் நள்ளிரவில் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். முதலில் கூட்டத்தின் இரைச்சல், பிறகு ணங்ங். என் மணி. "அண்ணே, பூசையில உங்க மணிதான் அடிச்சேன்" என்றார். வாங்கி விற்கிறவன் ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்கள். சரி.

இன்னும் ஒன்று. ரோலண்ட் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக 1981-இல் செய்தார்கள். பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. யாரும் சீந்தவில்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வாங்கினவர்கள் எல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளிவிட்டதை சிகாகோவில் கையில் காசில்லாத பையன்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கண்டபடி குமிழைத் திருகி, ஆசிட் ஹவுஸ் என்று ஓர் இசை வகையையே உண்டாக்கினார்கள். யாரோ சலித்துப்போய் விற்றதால்தான் அது நடந்தது. விற்றவனைப் பார்த்து "ஒரு பாட்டாவது போட்டியா?" என்று கேட்டிருந்தால், பயந்துபோய்ப் பரண்மேல் போட்டிருப்பான்.

அதே 303-ஐ நம் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். 1982-இலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் ஆல்பம் செய்தார். ஈ, காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. 2010-இல் அதை மறுபடி வெளியிட்டபோது, சிகாகோவுக்கு முன்னாலேயே இப்படி ஒருவரா என்று உலகம் வாயைப் பிளந்தது.

"பாத்தீங்களா, அவர் ஆல்பம் போட்டாரே!" என்று இப்போது ஒருவர் வருவார். சரி, போட்டார்தான். நான் சொல்ல வந்தது அது இல்லை. நான் சொல்ல வந்தது, வாங்குகிற அன்றைக்கு அது என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது, "இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு." இதை எழுதியவர் எந்த போன் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் போகவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். மினிலாக்கை 33,000 ரூபாய்க்குச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பதினாலு மாதம் வைத்திருந்தேன். 29,500-க்குக் கேட்டிருக்கிறேன். நஷ்டம் 3,500. மாதத்துக்கு 250 ரூபாய். நாலு பேர் குடும்பமாக மல்டிபிளெக்ஸ் போனால் பாப்கார்னுக்கே இது காணாது. இரண்டு கிரெடிட் கார்டிலும் இஎம்ஐ இல்லை. வீட்டுக்காரிக்குத் தெரியாமல் எதுவும் வந்ததும் இல்லை. வெளிநாட்டில், கருவி வாங்கிக்கொண்டே இருக்கிற இந்த வியாதிக்கு 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயர், சுருக்கமாக 'காஸ்'. அதை அவளிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்கு பார்சல் வந்தாலே, "காஸ் ட்ரபிள் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பாள். அவள் கேலி செய்யலாம். அவளுக்கு உரிமை இருக்கிறது.

2020 ஊரடங்கில் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரே மாதத்தில் மூன்று வாங்கியதை யாரோ ஞாபகப்படுத்தியிருந்தார்கள். அது வேறு விஷயம்.

"லேப்டாப்பிலேயே எல்லா சிந்தசைசரும் வந்துடுச்சே" என்பவர்களுக்கு: வந்துவிட்டது. எட்டு மணி நேரம் எக்செல் பார்த்த கண்ணால் மறுபடி இன்னொரு திரையைப் பார்க்க என்னால் முடியாது. முடிந்தது.

சின்ன திரை என்றால் பரவாயில்லை. மினிலாக்கில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று இருக்கிறது. வாசிக்கிற ஒலியின் அலை அதில் ஓடும். ரம்பப் பல் மாதிரி கூர்கூராக நிற்கும். ஒலியின் கூர்மையைக் குறைக்கிற கட்ஆஃப் குமிழைத் திருப்பத் திருப்ப அந்தப் பல் மழுங்கி, வழுக்கி, கடைசியில் காவிரி மணல்மேடு மாதிரி ஆகிவிடும். காதும் கண்ணும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். இடது பக்கம் சுருதியை வளைக்கச் சாய்வாக ஒரு ஸ்லைடர் உண்டு, விட்டால் ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்பிவிடும். அதை வைத்துத் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்கு ஓர் அசைவு கொடுக்க முடியுமா என்றுதான் பதினாலு மாதம் பார்த்தேன். முக்கால்வாசி வந்தது. மீதி கால்வாசி என் விரல் பிரச்சினையா, ஸ்பிரிங் பிரச்சினையா என்று தெரியவில்லை. அடுத்து ஸ்லைடருக்குப் பதில் வீல் வைத்த ஒன்றில் பார்க்கலாம் என்றுதான் இதை விற்க நினைத்தேன். இதுதான் காரணம். இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. "கடைசி விலை என்ன?" என்றுதான் கேட்டார்கள். "இதுல தபேலா வருமா?" என்று ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கச்சேரிக்காரருக்கு அது தேவை.

விற்பதும் சும்மா இல்லை. ஒவ்வொரு கட்டையையும் தட்டி வீடியோ எடுப்பேன். குமிழ் இடுக்கில் இருக்கிற அழுக்கை இயர் பட்ஸ் வைத்து எடுப்பேன். என்னென்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பேன். தெர்மாகோல் வெட்டி, பழைய போர்வை சுற்றி, ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிட்டு, அது பெங்களூரு போய்ச் சேர்கிறவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி என்று எழுதப் போனேன், எழுதினால் அதற்கும் சிரிப்பீர்கள்.

இவ்வளவு ஏன் எரிச்சல் என்று கேட்டால், அந்தக் கேள்வி என் காதில் விழுவது இது முதல் தடவை இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஒரு குட்டி காசியோ கொண்டுவந்தார். பெரிய ஆள் விரலுக்கு நுழையாத கட்டைகள். நூறு ஒலி என்று மேலேயே போட்டிருந்தது. நூறையும் வரிசையாகக் கேட்டேன், அப்புறம் கடைசியிலிருந்து கேட்டேன். அப்பா பேப்பரை மடக்கிவிட்டு, "வாசிச்சு என்னடா பண்ணப் போறே?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பத்தாவது அரையாண்டில் கணக்கு கவிழ்ந்ததும் அது பீரோ மேலே போனது. என்னை டைப்ரைட்டிங்கில் சேர்த்தார்கள். ஹையர் பாஸ் செய்தேன். அதையும் கட்டை கட்டையாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன், அதைப் பார்த்து யாரும் என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்கவில்லை. காலேஜ் முடித்து வந்து காசியோவை இறக்கினால் உள்ளே பேட்டரி ஒழுகி, ஸ்பிரிங் எல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் சம்பளம், என் வீடு, என் ராத்திரி. இன்னமும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

கடைசியாக ஒன்று. யாரையும் குறிவைக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை எடுத்துவிடுகிறேன். நண்பரே, "ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத் தர்றேன்" என்று என்னிடமிருந்து நீங்கள் வாங்கிப்போன வோல்கா கீஸ் என்ற குட்டி சிந்தசைசர் இரண்டு வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நீங்கள் இதுவரை ஒரு பாட்டும் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மினிலாக்கை விற்கவில்லை, விளம்பரத்தை எடுத்துவிட்டேன். இன்பாக்ஸில் வந்து யாரும் விலை கேட்க வேண்டாம். வோல்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அடாப்டர் அந்தப் பெட்டியோடு வந்தது இல்லை, நான் தனியாக வாங்கியது. அதையும் எடுத்து வையுங்கள்.