உளவியல் விருதுக்கு 35 வயது வரம்பா? தவறான தகவல்

“அமெரிக்க உளவியல் சங்கத்தின் தொடக்கநிலை ஆய்வாளர் விருதுக்கு 35 வயதைத் தாண்டியவர்களைப் பரிந்துரைக்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. 1974 முதல் வழங்கப்படும் இந்த விருதுக்கு வயது கணக்கில்லை. முனைவர் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்றுதான் பார்ப்பார்கள்; பட்டம் பெற்றுப் பத்தாண்டுக்குள் இருப்பவரையே சங்கம் பொதுவாகத் தொடக்கநிலை என்கிறது. பிள்ளைகளை வளர்த்துவிட்டு 41 வயதில் பட்டம் வாங்கியவரையும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இந்தத் தகவலை நம்பி ஒதுங்கிவிடப் போகிறவரும் அவர்தான், அதுதான் வருத்தம்.

அப்புறம், உளவியலின் எல்லாப் பிரிவுக்கும் எல்லா ஆண்டும் விருது கிடையாது. ஆண்டு மாறி ஆண்டு வரும். உங்கள் பிரிவின் முறை எப்போது என்பதைச் சங்கத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.